நெடுஞ்சூழிமங்கலம் செல்லும் வழி

நெடுஞ்சூழிமங்கலத்துக்கு முதல் டிக்கெட் எடுத்தவர் வாழைத்தார் வியாபாரி பால்துரை. அப்படி ஓர் ஊர் கிடையவே கிடையாது என்பது அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் கையில் கேமராவோடு டீக்கடை ஓரமாக நின்று, பஸ் வந்ததையும் அவர் ஏறியதையும் பஸ் போனதையும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சுயம்புக்கனி, வீட்டில் கூப்பிடுவது கனி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், இடையில் புகுந்து இதெல்லாம் எப்படி நடக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும், ஏனென்றால் இது நடந்த தேரிமேட்டில் ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை.

கனி நகரத்தில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தாள். அந்தக் கல்லூரியில் தன்கற்றல் வாரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் முழுக்க வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை, என்ன கற்றுக்கொள்வது என்று பிள்ளைகளே முடிவுசெய்து, எங்கேயாவது போய், எப்படியாவது கற்று, திங்கட்கிழமை திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் நின்று, இதைக் கற்றேன், இங்கே தவறினேன் என்று மனசைத் திறந்து சொல்ல வேண்டும். வாத்தியார்களுக்கு லீவு விடுவதற்கு எவ்வளவு நாசூக்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஒருத்தன் சோப்பு காய்ச்சப் போனான், ஒருத்தி கூடை முடையப் போனாள், கனி மட்டும் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வழிகாட்டிப் பலகை எழுதப்போகிறேன் என்று ஊருக்குப் பஸ் ஏறினாள்.

தேரிமேட்டில் அப்போதுதான் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துவிட்டுப் புதுசு கட்டியிருந்தார்கள். தூண் வைத்தார்கள், மின்விசிறி வைத்தார்கள், திறப்புவிழாவுக்குக் கல்வெட்டுகூட வைத்தார்கள், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. வந்த சனமெல்லாம் டைம் கீப்பர் கொம்பையாவிடம்தான் கேட்கும், கேட்டுக் கேட்டு அந்த மனுஷனுக்குத் தொண்டையே போய்விட்டது. கனி போய்ப் பலகை எழுதித் தருகிறேன் என்றதும், "பாப்பா, நீ நல்லா இருப்ப, இன்னைக்கே மாட்டு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எழுத்து அவளுடைய சொந்த எழுத்து. ஒரு வருஷமாகக் கல்லூரியில் உட்கார்ந்து, தமிழ் எழுத்துகள் அத்தனைக்கும் தன் கையால் ஒரு புது உருவம் வரைந்து வைத்திருந்தாள், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் ஒரே ஒரு குறை, ழகரத்தின் வால் கொஞ்சம் அதிகமாக உள்ளே மடங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் அடைத்துக்கொண்ட மாதிரி தெரியும்.

பலகை வரைகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உண்மையான விவரம் கைக்கு வருவதற்கு முன்னால், இடம் போதுமா, எழுத்து இடிக்கிறதா என்று பார்ப்பதற்குச் சும்மா ஒரு பொய் விவரத்தைப் போட்டு வைப்பார்கள், வேலை முடியும்போது எடுத்துவிடுவார்கள். கனியும், எழுத்தில் கொம்பும் சுழியும் வாலும் எல்லாம் வருகிற மாதிரி நீளமாக ஒரு பெயர் யோசித்து, நெடுஞ்சூழிமங்கலம் என்று போட்டாள். பக்கத்தில் நடைமேடை எண் வேண்டுமே, வாயில் வந்தது ஏழு, போட்டாள். தேரிமேட்டில் இருப்பதே ஆறு நடைமேடைதான். திருச்செந்தூர், நாசரேத், சாத்தான்குளம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தவள் கடைசி வரியை மட்டும் மாற்ற விட்டுவிட்டாள். அச்சடித்து, ஏணி வைத்து ஏறி மாட்டி, நாலு அடி தள்ளி நின்று படம் எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. சரி, நாளைக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு.

பால்துரை பலகையை அண்ணாந்து பார்த்தார். தூத்துக்குடிக்குப் போக வந்த மனுஷன். "நெடுஞ்சூழிமங்கலம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார், இன்னொரு தடவை படித்தார், அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தார். அங்கே ஆறாவது நடைமேடைக்கு அப்பால் சுற்றுச்சுவரும் ஒரு பூவரசமும் ஒரு குப்பைத் தொட்டியும்தான் இருந்தன. அவர் போய் நின்றார், ஒரு பஸ் வந்து நின்றது. எல்லா பஸ்ஸும் மாதிரி பஸ்தான், புகை விட்டது, பிரேக் போட்டால் கத்தியது, கண்டக்டர் காதில் பேனாவைச் செருகியிருந்தார். ஆனால் அதன் நெற்றியில் நெடுஞ்சூழிமங்கலம் என்று கனியின் எழுத்தில், வேறு யாரிடமும் இல்லாத அவளுடைய எழுத்தில், வால் அடைத்துக்கொண்ட அந்த ழகரத்தோடு எழுதியிருந்தது.

சாயந்திரம் பஸ் திரும்பி வந்தது, பால்துரை வரவில்லை. அவர் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்த துண்டு மட்டும் அதே சீட்டில் வந்தது, யாரோ நாலாக மடித்து வைத்திருந்தார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேளுங்கள், அதுதான் கதை. மறுநாள் காலையில் கொம்பையா மைக்கைப் பிடித்து, "நெடுஞ்சூழிமங்கலம் செல்லும் பேருந்து ஏழாவது நடைமேடையில்" என்று ஒன்றுமே நடக்காத குரலில் அறிவித்தார். சனம் போய் நின்றது. எதிர்வீட்டுக்காரரோடு வாய்க்கால் தகராறில் இருந்தவர் போனார், பிள்ளைகள் மூன்று பேரும் மாறி மாறித் தள்ளிவிட்ட ஒரு பெரியவர் போனார், பரீட்சை எழுதி எழுதி அலுத்துப்போன ஒரு பையன் போனான், சும்மா என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ரெண்டு பேர் போனார்கள். அதற்கடுத்த நாள் சீட்டுக்கு அடிதடி. பஸ் வளைவு திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் வீசினார்கள், துண்டு போட்ட சீட்டில் வேறு ஆள் உட்காரமாட்டார்கள், அந்த நியாயத்தை மட்டும் ஒருத்தரும் மீறவில்லை. சாயந்திரம் திரும்பி வருகிற துண்டுகளைப் பூக்கட்டுகிற பெண்கள் எடுத்துத் துவைத்துச் சுற்றுச்சுவரில் காயப்போட்டார்கள், சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பூவரசத்தில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கியது, அதன் அடியில் ஒரு வடைக்கடை வந்தது. நம்ம பையனுக்கு அண்ணன் ஒருத்தன் நெடுஞ்சூழிமங்கலத்திலேயே இருக்கிறான் என்று பெருமையாகச் சொல்லி ஒரு தரகர் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டார். அதற்குள்ளாகவா என்று கேட்காதீர்கள், நல்லது வரத்தான் நாளாகும், இதெல்லாம் உடனே வந்துவிடும்.

கனி பால்துரை வீட்டுக்கு ஓடினாள். அவர் சம்சாரம் வாசலில் உட்கார்ந்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவுக அங்க சொகமா இருக்காவளாம்" என்றாள்.

"யாரு அக்கா சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாவ."

கனி அந்த முகத்தைப் பார்த்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீடுகளில் இருக்கிற அதே முகம். பஸ்ஸைவிட அந்த முகம்தான் அவளைப் பயமுறுத்தியது.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினாள், மறுநாள் யாரோ கிழித்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து, கை சும்மா இருக்காமல் அந்த ழகரத்தின் வாலைக் கொஞ்சம் திறந்து வரைந்தாள், அடுத்த தடவை வந்த பஸ்ஸின் நெற்றியில் வால் திறந்திருந்தது. அய்யோ, அப்போ எல்லாம் என் கையில்தான் இருக்கிறது என்று, பயமும் நம்பிக்கையுமாக அந்தப் பெயரையே அழித்தாள். பஸ் நெற்றியில் ஒன்றுமே இல்லாமல் வெறும் கண்ணாடியோடு வந்தது. சனம் வழக்கம்போல ஏறியது. கடைசியில் ஏணி வைத்துப் பலகையையே கழற்றினாள், கொம்பையா ஓடி வந்தார்.

"என்ன பாப்பா, கழத்துத?"

"அண்ணாச்சி, அது தப்பா எழுதுனது. பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. போனவங்க ஒருத்தர்கூட வரல, ஒங்களுக்குத் தெரியலையா?"

"ஓடுத பஸ்ஸ நா எப்படித் தாயி நிறுத்த? பலகை வேண்டாம்னா எடுத்துட்டுப் போ. இனி எதுக்குப் பலகை? அதான் எல்லாருக்கும் எடம் தெரிஞ்சி போச்சே."

கனி ஏணியிலேயே நின்றாள். நல்ல பலகை எது என்றால் கொஞ்ச நாளில் யாருக்கும் தேவைப்படாமல் போகிற பலகைதான், ஏனென்றால் அதற்குள் வழி மனசில் இறங்கியிருக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது அதை எவ்வளவு ஆசையாக எழுதிக்கொண்டாள். பலகையைக் கொண்டுபோய்ச் சுற்றுச்சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

இத்தனைக்கும் அதுவரைக்கும் போனதெல்லாம் அடுத்த வீட்டு ஆட்கள்தான். சனிக்கிழமை மத்தியானம் அவள் அம்மா தங்கபுஷ்பம் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி கனி, ஏழாவதுல வார பஸ்ஸு ரொம்பக் கூட்டமா இருக்குமோ?"

தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அப்பா சவுதியில் இருக்கிறார், எப்போதாவது பேசுவார், பேசினாலும் நெட் சரியில்லை என்று பாதியில் வைத்துவிடுவார். வீட்டில் அம்மாவும் மகளும்தான், மகளும் படிக்கப் போய்விட்டால் அம்மா மட்டும்தான்.

கனி சட்டென்று திரும்பினாள். "எதுக்கும்மா கேக்க?"

"சும்மாதான். ஒரு எட்டு போயிட்டு வரலாம்னு."

"யாரும் திரும்பி வரலம்மா!"

"வருவாவ. போன காலோட திரும்பணும்னு சட்டமா இருக்கு?"

"அம்மா, நா சொல்லுதத கேளு. அது நானா எழுதுன பேரு. எழுத்து சரியா விழுதான்னு பாக்க சும்மா எழுதுனேன், எடுக்க மறந்துட்டேன். அப்படி ஒரு ஊரே கெடையாதும்மா."

தங்கபுஷ்பம் துருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்ட்டி, நீ எழுதும்போது பின்னால நின்னு பாத்தேன்லா. இல்லாத ஊருன்னுதான் எனக்கு ஆசையா இருக்கு. இருக்க ஊர்ல எல்லாம் எனக்கு ஆளு இருக்காவ. திருச்செந்தூருக்குப் போனா ஒஞ் சித்தி, நாசரேத்துக்குப் போனா ஒங்க அத்த, எங்க போய் எறங்குனாலும் தங்கபுஷ்பம் வந்துட்டா, இத செய், அத புடி, இவளுக்குப் பாரு, அவனுக்கு ஆக்கு. பள்ளிக்கூடத்துலயும் அதுதான். என்னைத் தெரியாத ஒரு ஊர்ல எறங்கி, ஒரு பெஞ்சில உக்காந்து, ஒரு மரத்தப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"நா இருக்கேன்லாம்மா."

"நீ இருக்க. அதாம் போகாம இருக்கேன்."

அப்படிச் சொன்ன அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கனிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் அம்மாவின் பின்னாலேயே அலைந்தாள், தண்ணீர் எடுக்கப் போனால் கூடப் போனாள், கடைக்குப் போனால் கூடப் போனாள், பஸ் ஹாரன் கேட்டால் ஓடி வந்து அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். தங்கபுஷ்பத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னட்டி, கோழி மாதிரி காலச் சுத்துத!" என்றாள். பெற்ற தாய்க்குக் காவல் இருக்க நேர்ந்துவிட்டதே என்று கனிக்கு வெட்கமாகவும் இருந்தது, பயம் வெட்கத்தைத் தின்றுவிட்டது.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் அந்த வருஷம் போச்சு. கனி அம்மாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள்.

"நா வாரது வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்னு சொல்லு."

"சரி, போயிட்டு வா" என்றாள் தங்கபுஷ்பம். கனி அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி வழியில்தான் அம்மா சொன்னது சத்தியம் இல்லை, யாரை வழியனுப்பினாலும் சொல்கிற வார்த்தைதான் அது என்று உறைத்தது.

கல்லூரியில் அவள் முறை வந்தது. சோப்பு காய்ச்சினவன் பேசி முடித்துக் கைதட்டு வாங்கிப் போயிருந்தான். கனி சுவரில் படங்களை ஒட்டிவிட்டு, பொய்ப் பெயரை எடுக்க மறந்ததையும் பஸ் வந்ததையும் ஊர் ஏறிப் போனதையும் ஒன்று விடாமல் சொன்னாள், சொல்லும்போது குரல் உடைந்து ரெண்டு தடவை நின்றாள். யாரும் இது நடக்குமா என்று கேட்கவில்லை. பொறுப்பாசிரியை வசுமதி மேடம் எழுந்து வந்து, படங்களைக் கிட்டத்தில் நின்று பார்த்தார்.

"எழுத்து நல்லா வந்திருக்கு. தூரத்துல இருந்தும் படிக்க முடியுது. ஆனா கனி, போறதுக்கு மட்டும் எழுதியிருக்கியே. அந்தப் பக்கம் இறங்கினவங்க திரும்பி வர எங்கே நிக்கணும்னு யார் எழுதினா?"

யாரும் எழுதவில்லை. ஊர் முழுக்க ஒரே பக்கம் அம்புக்குறி போட்டுவிட்டு, வரமாட்டேன் என்கிறார்களே, வரமாட்டேன் என்கிறார்களே என்று ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

"நல்ல கேள்வி, யோசி" என்று சொல்லிவிட்டு மேடம் மதிப்பெண் போட்டார். கனி படங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பின்னாலேயே வந்து, யாரும் இருக்கிறார்களா என்று வராந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த பஸ் தினமும் இருக்கா கனி?"

கனி அந்தக் கண்களைப் பார்த்தாள். பயந்து இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாள். போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை எடுத்தாள்.

"கனியா? அம்மா போன வச்சிட்டுப் போயிட்டாளே. காலையிலயே போயிட்டா. சோறு வடிச்சி மூடி வச்சிருக்கா, கொழம்பு அடுப்புலயே இருக்கு, நீ வந்து சாப்பிடுவியாம். அங்க சொகமா இருக்காளாம் பாத்துக்கோ."

"யாரு அத்த சொன்னா?" என்று கனி வீரிட்டாள்.

"எல்லாரும்தான் சொல்லுதாவ" என்றாள் எஸ்தர்.

எப்படி ஊர் வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போகவில்லை, சோற்றைத் திறந்து பார்க்கவில்லை. தேரிமேட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தரையிலேயே உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த அந்தப் பழைய பலகையைத் திருப்பிப்போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில், ஸ்கேல் இல்லாமல், கம்ப்யூட்டர் இல்லாமல், மார்க்கரால் பெரிசாகத் தேரிமேடு என்று எழுதினாள். பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. படிக்க முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். பலகையை அங்கே கட்டி மாட்ட ஒரு சுருள் கம்பியும் கட்டிங் பிளேயரும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஏழாவதில் கடைசி பஸ் நின்றிருந்தது. உள்ளே பார்த்தால் சீட்டெல்லாம் துண்டு, சீட்டெல்லாம் ஆள், எல்லார் முகத்திலும் கல்யாணத்துக்குப் போகிற களை. பின்னால் ஒரு மூலையில் இடம் இருந்தது. படியில் கால் வைக்கும்போது, இறங்கி ஓடிவிடு, நீ போனால் உன்னைத் தேடி வர ஆள் இல்லை என்று உடம்பெல்லாம் கத்தியது. ஏறினாள், உட்கார்ந்தாள், பலகையை மடியில் நிறுத்திக் கட்டிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

கண்டக்டர் வந்தார். "எங்க தாயி?"

"நெடுஞ்சூழிமங்கலம். போக ஒண்ணு, வர ரெண்டு."

டிக்கெட்டைக் கிழிக்கப் போன கை நின்றது. "வரவா?" என்றார். "வாரதுக்கு இதுநாள் வரைக்கும் யாரும் கேக்கலையே."

"அங்க எழுதிப் போடல, அதாங் கேக்கல. நா எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

பலகையைத் திருப்பிக் காட்டினாள். கண்டக்டர் குனிந்து படித்தார். முன்சீட்டில் இருந்த ஓர் அம்மாளும் திரும்பிப் படித்தாள், படித்துவிட்டு முகம் என்னவோபோல் ஆகி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சரி, ஒண்ணு நீ. இன்னொண்ணு யாருக்கு?"

"எங்கம்மாவுக்கு."

"ஒங்கம்மா வாரேன்னு சொன்னாவளா?"

பொய் சொல்லலாமா என்று கனி ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லல. வராமலும் இருக்கலாம். அங்கயே இருக்கணும்னா, வார வழி தெரிஞ்சிக்கிட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. தெரியாம இருக்க வேண்டாம்."

கண்டக்டர் காதில் இருந்த பேனாவை எடுத்தார். பிறகு மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.